பயிற்சியா, படையெடுப்பா? 1987 ஜனவரியில் நடந்த கதை



வருமான வரி, மூத்த குடிமக்கள் டெபாசிட், வாரிசு நியமனம் என்று எழுதியே உங்களை அலுக்க வைத்துவிட்டேன் என்பது எனக்கே தெரியும். "இந்தத் தடவை வேற ஏதாவது எழுதுங்க சார்" என்று செயலாளர் நேரடியாகவே சொல்லிவிட்டார். அதனால் இம்முறை கொஞ்சம் வரலாறு. வரலாறு என்றாலும் நம் அடுக்ககத்திலிருந்துதான் தொடங்குகிறேன்.

2025 மே 8, வியாழக்கிழமை. முந்தைய நாள் விடியற்காலையில்தான் 'ஆபரேஷன் சிந்தூர்' செய்தி வந்திருந்தது. காலை பதினொரு மணி இருக்கும். தலைக்கு மேலே ஜெட் விமானங்கள் சத்தமாகப் பறந்தன. அடுத்த ஐந்து நிமிடத்தில் நம் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது செய்திகள். "சண்டை இங்கேயும் வந்துருச்சா?" என்று ஒருவர். "ராத்திரி எல்லோரும் லைட்டை அணைச்சிருங்க" என்று இன்னொருவர். ஒரு வீட்டில் அரிசி மூட்டை வாங்கக் கடைக்கே கிளம்பிவிட்டார்கள்.

சூலூர் விமானப்படைத் தளம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே தேஜஸ் விமானங்கள் இருக்கின்றன. அவை பயிற்சிக்காகப் பறப்பதை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். அன்று வந்ததும் அதே சத்தம்தான். நம் காதுதான் மாறியிருந்தது.

நம்மைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்தது. ஆனால் அன்று மாலை எனக்கு ஒன்று தோன்றியது. நம் விமானச் சத்தத்தை நாமே தப்பாகக் கேட்கிறோம் என்றால், எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் எப்படிக் கேட்பான்? அவன் விமானத்தை நாம் எப்படிக் கேட்போம்? இரண்டு பேர் கையிலும் அணுகுண்டு இருக்கிறது. இந்தியாவிடம் சுமார் 180, பாகிஸ்தானிடம் சுமார் 170 என்பது ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் 2025-ஆம் ஆண்டு மதிப்பீடு. இந்த நிலையில் ஒருவரை ஒருவர் தப்பாகப் படித்தால் என்ன ஆகும்?

அப்படித் தப்பாகப் படித்து, மயிரிழையில் தப்பித்த ஒரு சம்பவம் நம் காலத்திலேயே நடந்திருக்கிறது. அதன் நடுவில் இருந்தவர் ஒரு தமிழர்.

பாஸ்புக்கும் ரொக்கப் புத்தகமும்

கதைக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்குப் பாடம். வங்கிக்காரனிடம் கட்டுரை கேட்டால் இப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வணிகவியல் படித்தவர்களுக்கு 'வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்' நினைவிருக்கும். ஒரு பனியன் கம்பெனி வங்கியில் 10,000 ரூபாய் கட்டுகிறது. கம்பெனியின் ரொக்கப் புத்தகத்தில் அது பற்று. அதே 10,000 ரூபாய் வங்கியின் பாஸ்புக்கில் வரவு. ஒரே பணம்தான், ஒரே நாள்தான். ஆனால் இரண்டு புத்தகத்திலும் எதிரெதிர்ப் பக்கத்தில் ஏறுகிறது. இரண்டுமே சரி.

மாதக் கடைசியில் இரண்டு புத்தகத்தின் மீதியும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. கொடுத்த செக் இன்னும் வங்கிக்கு வந்திருக்காது. போட்ட செக் வசூலாகியிருக்காது. வங்கி பிடித்த கமிஷன் கம்பெனிக்குத் தெரிந்திருக்காது. இதைப் புரிந்துகொள்ளாத புது வாடிக்கையாளர் நேராகக் கவுண்டருக்கு வந்து, "என் காசை எடுத்துட்டீங்க" என்று சத்தம் போடுவார். பழகியவர் உட்கார்ந்து, எதிர்ப்புத்தகத்தில் இது எப்படி ஏறியிருக்கும் என்று ஒவ்வொன்றாக டிக் அடிப்பார்.

அணு ஆயுதம் வைத்திருக்கும் இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டு நிற்கும்போது நடப்பதும் இதேதான். தன் படை நகர்ந்தால் 'தற்காப்பு' என்று தன் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார்கள். எதிரியின் படை அதேபோல நகர்ந்தால் 'தாக்குதல்' என்று எழுதுகிறார்கள். டிக் அடிக்க ஆள் இல்லாவிட்டால் வித்தியாசம் கூடிக்கொண்டே போகும்.

ராஜஸ்தான் மணலில் ஒரு பயிற்சி

1986 பிப்ரவரியில் ஜெனரல் கே. சுந்தர்ஜி இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியானார். செங்கல்பட்டில் பிறந்தவர். பீரங்கி வண்டிகளும் ஹெலிகாப்டர்களும் இணைந்து மின்னல் வேகத்தில் நகரும் நவீன ராணுவம் அவருடைய கனவு. அந்தக் கனவைச் சோதித்துப் பார்க்க ஒரு மாபெரும் பயிற்சிக்குத் திட்டமிட்டார். அதன் பெயர் 'பிராஸ்டாக்ஸ்'. 1986 குளிர்காலத்தில் ராஜஸ்தான் பாலைவனத்தில், பாகிஸ்தான் எல்லைக்கு வெகுதொலைவில்லாத இடத்தில் அது நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உலகில் நடந்த மிகப் பெரிய போர்ப் பயிற்சிகளில் ஒன்று என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1986 நவம்பர் 27 அன்று டெல்லியில் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். அணு ஆயுதமற்ற, வன்முறையற்ற உலகம் வேண்டும் என்பது அதன் சாரம். அதே குளிர்காலத்தில்தான் இந்தப் பயிற்சியும்.

இந்தியாவின் புத்தகத்தில் பிராஸ்டாக்ஸ் என்பது பயிற்சி. நம் மண்ணில் நம் படை. யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை.

இப்போது பாகிஸ்தானின் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 1971-இல் நாட்டில் பாதியை இழந்தவர்கள் அவர்கள். ராஜஸ்தானுக்கு நேர் எதிரே இருப்பது சிந்து மாகாணம். அங்கே அப்போது ஜியா உல் ஹக் ஆட்சிக்கு எதிராகக் கொந்தளிப்பு. அந்த இடத்தில் இந்தியா உள்ளே புகுந்தால் கராச்சிக்கும் லாகூருக்கும் இடையிலான தொடர்பே அறுந்துவிடும். இவ்வளவு பெரிய படையை வெறும் பயிற்சிக்காகவா கொண்டுவந்திருப்பார்கள் என்று அவர்கள் கேட்டதில் ஆச்சரியமில்லை.

பாகிஸ்தானும் அந்தக் குளிர்காலத்தில் தன் பயிற்சிகளை நடத்திக்கொண்டிருந்தது. பயிற்சி முடிந்தால் படைகள் முகாமுக்குத் திரும்ப வேண்டும். ஆனால் திரும்பவில்லை. அவர்களுடைய வடக்கு ரிசர்வ் படை நம் பஞ்சாபுக்கும் ஜம்முவுக்கும் எதிரே வந்து நின்றது. அவர்கள் புத்தகத்தில் இது முன்னெச்சரிக்கை. இந்தியா தெற்கே அடித்தால், வடக்கே ஒரு பிடி இருக்க வேண்டும் என்ற கணக்கு.

மறுபடி நம் புத்தகத்துக்கு வாருங்கள். பஞ்சாபில் அப்போது காலிஸ்தான் தீவிரவாதம் உச்சத்தில் இருந்தது. அதற்குப் பாகிஸ்தானின் கை இருப்பது டெல்லிக்குத் தெரியும். 1965-இல் அக்னூர் பக்கமாகப் புகுந்து காஷ்மீரைத் துண்டிக்கப் பார்த்தவர்கள் இவர்கள். இப்போது அதே பகுதிக்கு அருகில் பீரங்கி வண்டிகளோடு நிற்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்?

1987 ஜனவரி மூன்றாம் வாரத்தில் இந்தியா விமானங்களில் துருப்புகளை ஏற்றி அவசர அவசரமாகப் பஞ்சாப் எல்லைக்கு அனுப்பியது. ராணுவம் உஷார் நிலையில் வைக்கப்பட்டது. பாகிஸ்தான் அதைப் பார்த்து இன்னும் உஷாரானது.

கவனித்தீர்களா? ஒவ்வொரு படியிலும் இரண்டு தரப்பும் 'நான் பதில்தான் சொல்கிறேன்' என்றே நினைத்தது. முதல் அடி தன்னுடையது என்று யாருமே தன் புத்தகத்தில் எழுதவில்லை. இதில் இன்னொன்றும் உண்டு. பிராஸ்டாக்ஸ் உண்மையிலேயே வெறும் பயிற்சிதானா என்ற சந்தேகம் நம் நாட்டுக்குள்ளேயே இன்றும் இருக்கிறது. அப்போது மேற்குப் பிராந்தியத் தளபதியாக இருந்த பி.என். ஹூன், அது போருக்கான திட்டம் என்று பின்னாளில் எழுதினார். அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். நம் தளபதிகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லாத விஷயத்தை, எதிரி சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா?

எப்படி இறங்கியது?

ஜனவரி 23 அன்று ராஜீவ் காந்தியும் பாகிஸ்தான் பிரதமர் ஜுனேஜோவும் தொலைபேசியில் பேசினார்கள். ஜனவரி 31 முதல் பிப்ரவரி 4 வரை டெல்லியில் அதிகாரிகள் உட்கார்ந்து பேசினார்கள். படைகளை ஒரேயடியாக அல்ல, பகுதி பகுதியாக விலக்கிக்கொள்வது என்று முடிவானது. முதலில் ராவி, செனாப் நதிகளுக்கு இடைப்பட்ட பகுதி. ஒருவர் விலகுவதை மற்றவர் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். டிக் அடிப்பது என்று நான் சொன்னது இதைத்தான்.

பிப்ரவரி 21 அன்று ஜெய்ப்பூரில் இந்தியா-பாகிஸ்தான் டெஸ்ட் தொடங்கியது. அதைப் பார்க்கிறேன் என்று ஜியா உல் ஹக் வந்து இறங்கினார். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களே ஆன இளைஞன். கிளையில் மதிய உணவு நேரத்தில், "சண்டைக்கு நின்னவன் கிரிக்கெட் பார்க்க வந்திருக்கான் பாருய்யா" என்று சிரித்தோம். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

புரியாமல் போனதற்குக் காரணமும் உண்டு. ஜனவரி 28 அன்று பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி ஏ.கியூ. கான், நம் பத்திரிகையாளர் குல்தீப் நய்யாருக்குப் பேட்டி கொடுத்திருந்தார். தங்களிடம் அணுகுண்டு செய்யும் திறன் இருக்கிறது என்று உணர்த்தும் பேட்டி அது. இந்தியாவுக்கு விடுத்த எச்சரிக்கை என்றே பலர் அதைக் கருதுகிறார்கள். ஆனால் லண்டன் பத்திரிகையில் அது வெளியானது மார்ச் 1-ஆம் தேதி. அதற்குள் நெருக்கடியே முடிந்துவிட்டது! செக் எழுதிய தேதி ஒன்று, பணமான தேதி வேறு. எச்சரிக்கை போய்ச் சேருவதற்குள் போர் வந்திருந்தால்?

வல்லரசுகளும் இதே பள்ளியில்தான்

நாம் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். இதற்கு மூன்று வருடம் முன்பு, 1983 நவம்பரில், அமெரிக்காவும் அதன் நேட்டோ கூட்டாளிகளும் ஐரோப்பாவில் 'ஏபிள் ஆர்ச்சர்' என்ற பயிற்சியை நடத்தினார்கள். அணு ஆயுதத்தைப் பயன்படுத்த உத்தரவு எப்படிப் போக வேண்டும் என்று ஒத்திகை பார்க்கும் பயிற்சி. பயிற்சி என்ற போர்வையில் உண்மையான தாக்குதல் வருகிறதோ என்று மாஸ்கோவில் சிலர் சந்தேகித்தார்கள். கிழக்கு ஜெர்மனியிலும் போலந்திலும் சோவியத் விமானங்கள் சில தயார் நிலையில் வைக்கப்பட்டன. ஆபத்து எவ்வளவு நெருங்கியது என்பதில் வரலாற்று ஆசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அச்சம் இருந்ததில் சந்தேகமில்லை.

அதற்குச் சில வாரங்கள் முன்பு, செப்டம்பர் 26 அன்று, சோவியத் எச்சரிக்கை நிலையத்தின் கணினித் திரையில் ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகக் காட்டியது. பணியில் இருந்த அதிகாரி ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் ஒரு நிமிடம் அமெரிக்கன் இடத்தில் நின்று யோசித்தார். போர் தொடுப்பவன் ஆயிரக்கணக்கில் அனுப்புவான், ஐந்தை மட்டும் அனுப்புவானா? தவறான எச்சரிக்கை என்று மேலே சொன்னார். மேகத்தில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருந்தது.

ரஷ்யர்களுக்கு 1941 ஜூன் 22 மறக்காது; ஹிட்லரின் படை சொல்லாமல் புகுந்த நாள். அமெரிக்கர்களுக்கு அதே வருடம் டிசம்பர் 7 மறக்காது. பேர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு போட்ட நாள். நமக்கு 1965, அவர்களுக்கு 1971 என்பது போல. இரண்டு பேரும் ஏமாந்த அனுபவம் உள்ளவர்கள். அதனால் எதிரியும் தன்னைப் போலவே பயந்திருப்பான் என்று தோன்றுவதே இல்லை. சோவியத் தலைவர்கள் அமெரிக்காவைப் பார்த்து உண்மையாகவே பயந்தார்கள் என்பது தனக்கு ஆச்சரியமாக இருந்தது என்று அதிபர் ரீகன் தன் சுயசரிதையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1962 அக்டோபரில் கியூபா நெருக்கடி. சீனாவோடு நாம் போரில் இருந்த அதே நாட்கள். தன் கரைக்கு 150 கிலோமீட்டர் தொலைவில் சோவியத் ஏவுகணை இருப்பதை அமெரிக்கா பொறுக்கவில்லை. சோவியத் எல்லையை ஒட்டிய துருக்கியில் தன்னுடைய ஏவுகணைகள் நிற்பது மட்டும் அதன் புத்தகத்தில் சாதாரணப் பதிவு. நெருக்கடியின் உச்சத்தில், மாஸ்கோவில் தூதராக இருந்து குருஷேவோடு நெருங்கிப் பழகிய லெவெலின் தாம்ப்சன் என்பவர் கென்னடியிடம் ஒரு யோசனை சொன்னார். 'நான் கியூபாவைக் காப்பாற்றிவிட்டேன்' என்று குருஷேவ் தன் மக்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு வழி கொடுத்தால் அவர் இறங்கிவருவார் என்றார். கியூபா மீது படையெடுக்க மாட்டோம் என்ற உறுதி கொடுக்கப்பட்டது. துருக்கி ஏவுகணைகளை அகற்றவும் இரகசியமாக ஒப்புக்கொண்டார்கள். குருஷேவ் இறங்கிவந்தார்.

அங்கே எதிராளியின் வீட்டுக்குப் போய்ப் பழகிய ஒருவர் இருந்தார் என்பதுதான் முக்கியம். அடுத்த வருடமே வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் 'ஹாட்லைன்' போட்டார்கள்.

அவர்களுக்குக் கிடைத்த ஒரு வசதி நமக்கு இல்லை. அமெரிக்காவிலிருந்து ரஷ்யாவுக்கு ஏவுகணை போய்ச் சேர ஏறக்குறைய 30 நிமிடம். நமக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே சில நிமிடங்களே. ஒரு டீ ஆறும் நேரம்கூடக் கிடையாது.

2002: எங்கள் கவுண்டரில் அணுகுண்டு

'இதெல்லாம் டெல்லி சமாச்சாரம், நமக்கென்ன?' என்று கேட்பீர்கள். 2002-இல் நடந்ததைச் சொல்கிறேன்.

2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றத்தின் மீது பயங்கரவாதிகள் தாக்குதல் நடத்தினார்கள். இந்தியா சுமார் 5 லட்சம் துருப்புகளை எல்லைக்கு அனுப்பியது. பாகிஸ்தானும் அனுப்பியது. இந்தியாவின் புத்தகத்தில் அது 'பயங்கரவாதத்தை நிறுத்து' என்ற நெருக்குதல். அவர்கள் புத்தகத்தில் படையெடுப்புக்கான தயாரிப்பு. 2002 மே 14 அன்று ஜம்மு அருகே காலுசக் ராணுவக் குடியிருப்பில் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். நாடே கொதித்தது. மே 25 முதல் பாகிஸ்தான் வரிசையாக ஏவுகணைச் சோதனை நடத்தியது. மே 31 அன்று அமெரிக்கா தன் குடிமக்களை இந்தியாவிலிருந்து வெளியேறும்படி அறிவுறுத்தியது. பிரிட்டனும் அப்படியே.

நான் அப்போது நம் ஊர்க் கிளை ஒன்றில் ஏற்றுமதிக் கடன் பிரிவில் இருந்தேன். பேக்கிங் கிரெடிட் என்றால் திருப்பூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆர்டரைக் காட்டி வங்கியில் கடன் வாங்கி, நூல் எடுத்து, நிட்டிங், டையிங், கட்டிங், தையல் முடித்து, ஷிப்மெண்ட் போனபின் பையர் பணம் வந்ததும் கடன் அடையும். எல்லாம் தேதிக் கணக்கு.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு சின்ன ஏற்றுமதியாளர் கவுண்டருக்கு வந்தார். நாற்பது டேபிள் போட்டிருந்தவர். சரக்கு தயாராகி அட்டைப்பெட்டியில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து பையரின் ஆள் வந்து தரம் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கப்பல் ஏறும். "இந்தியாவுக்குப் போக எங்கள் ஆளுக்கு அனுமதி இல்லை" என்று ஃபேக்ஸ் வந்துவிட்டது. கடன் தேதி நெருங்குகிறது. சனிக்கிழமை சம்பளம் கொடுக்க வேண்டும். ஃபேக்ஸ் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"ஏனுங்க சார், சண்டை வருமுங்களா, வராதுங்களா? ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாப் போதுமுங்க. சரக்க என்ன பண்றதுன்னு முடிவு பண்ணிக்குவேன்."

நான் என்ன சொல்ல? மேலாளரிடம் அழைத்துப் போனேன். தேதியை நீட்டித்துக் கொடுத்தார். ஆடி மாதம்தான் சரக்கு போனது, விலையில் தள்ளுபடியும் கொடுத்து. அந்த வாரச் சம்பளத்தை மனைவியின் வளையலை அடகு வைத்துக் கொடுத்தார் என்று பின்னால் சொன்னார். போர் வரவில்லையே என்று அவரிடம் போய்ச் சொல்ல முடியாது. அவர் நஷ்டத்துக்கு எந்தப் போர் வரலாற்றிலும் இடமில்லை. டெல்லி, இஸ்லாமாபாத் இரண்டு பேரின் புத்தகத்தையும் பார்த்த மூன்றாம் மனிதனுக்குப் பயம் வந்தது. பாதிப்பு திருப்பூரில்.

அந்த வருடம் அக்டோபரில்தான் படைகளைத் திரும்ப அழைக்க முடிவெடுத்தார்கள். நம் படை எல்லைக்குப் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகிவிட்டது, இனி வேகமாகத் திரள வேண்டும் என்று நம் தரப்பு பாடம் படித்தது. அதற்குப் பதில் என்று சொல்லி, 60 கிலோமீட்டர் மட்டுமே பாயும் 'நாசர்' என்ற அணு ஏவுகணையை 2011-இல் பாகிஸ்தான் சோதித்தது. ஒரு புத்தகத்தில் எழுதினால் மறு புத்தகத்தில் ஏறாமல் இருப்பதில்லை.

எதிரியைப் புரிந்துகொள்வது என்றால் நம்புவதா?

இங்கே என் நண்பர் ஒருவர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், குறுக்கே வருவார். "அவன் பக்கம் என்ன நியாயம்னு பார்த்துக்கிட்டே இருந்தா, அவன் உள்ளே வந்துடுவான்" என்பார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 1999 பிப்ரவரியில் வாஜ்பாய் பஸ்ஸில் லாகூர் போய் உடன்படிக்கை செய்தார். அந்த வருடமே கார்கில். அதை ஆராய்ந்த குழுவுக்குத் தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். நமது அணுக் கொள்கையின் வரைவை உருவாக்கிய ஆலோசனைக் குழுவை வழிநடத்தியவரும் அவர்தான். கார்கில் ஊடுருவல் நமக்கு முழுக்க முழுக்க அதிர்ச்சியாக வந்தது என்று அந்தக் குழு எழுதியது. பயிற்சியைப் படையெடுப்பு என்று படிப்பது ஒரு தவறு. ஊடுருவலைக் கவனிக்காமல் விடுவதும் தவறுதான்.

ஆனால் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் எதற்கு? வாடிக்கையாளரை நம்புவதற்கு அல்ல. வித்தியாசங்களில் எது தாமதம், எது எழுத்துப் பிழை, எது கள்ளக் கையெழுத்து என்று பிரித்துப் பார்க்கத்தான். என் முப்பத்தைந்து வருட வேலையில் மோசடியைக் கண்டுபிடித்த இரண்டு முறையும் இப்படி டிக் அடித்தபோதுதான் கண்டுபிடித்தேன். எல்லோரையும் திருடன் என்று சொல்பவனுக்கு உண்மையான திருடன் அகப்பட மாட்டான்.

1987 நெருக்கடியிலிருந்து இரண்டு நாடுகளும் சில டிக் அடிக்கும் முறைகளை உண்டாக்கிக்கொண்டன. ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்கக் கூடாது என்ற ஒப்பந்தம் 1988 டிசம்பர் 31 அன்று கையெழுத்தானது. பெரிய ராணுவப் பயிற்சி நடத்தினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற ஒப்பந்தம் 1991 ஏப்ரலில். ஏவுகணைச் சோதனைக்கு முன்னறிவிப்பு என்ற ஒப்பந்தம் 2005-இல்.

இவை போதுமா? 2022 மார்ச் 9 அன்று பராமரிப்பின்போது நம் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து, பாகிஸ்தானுக்குள் 100 கிலோமீட்டருக்கும் மேல் சென்று மியான் சன்னு என்ற ஊரில் விழுந்தது. நல்லவேளை, அதில் வெடிகுண்டு இல்லை, யாரும் சாகவில்லை. அதைத் தாக்குதல் என்று அவர்கள் படிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து இந்தியா வருத்தம் தெரிவித்தது. விமானப்படை அதிகாரிகள் மூவர் பதவி நீக்கம் செய்யப்பட்டார்கள். உடனே ஏன் ஹாட்லைனில் சொல்லவில்லை என்று பாகிஸ்தான் கேட்டது. நியாயமான கேள்வி. அதே ஏவுகணை 2002 மே மாதம் போய் விழுந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

சுந்தர்ஜி ஓய்வு பெற்றபின் 1993-இல் இந்திய-பாகிஸ்தான் அணுப் போரைக் கற்பனை செய்து ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 'இந்துஸ்தானத்தின் குருடர்கள்' என்று பொருள்படும் தலைப்பு. யானையைத் தடவிப் பார்த்த குருடர்கள் கதை நமக்குத் தெரிந்ததுதானே. பிராஸ்டாக்ஸை நடத்திய தளபதியே கடைசியில் அந்தத் தலைப்புக்கு வந்து சேர்ந்தது யோசிக்க வைக்கிறது.

நம்மைப் போன்றவர்கள் இதில் என்ன செய்ய முடியும்? ஹாட்லைன் நம் கையில் இல்லை. 2025 மே 10 மாலை சண்டை நின்றதும் ராணுவ நடவடிக்கைத் தலைமை அதிகாரிகளின் தொலைபேசிப் பேச்சில்தான், நம் வாட்ஸ்அப் குழுவில் அல்ல. ஆனால் அரசாங்கத்தை இறங்கிவர விடாமல் பிடித்துத் தள்ளுவது மக்களின் கூச்சல்தான். தொலைக்காட்சியில் 'நாளைக்கே கராச்சி' என்று கத்துபவரை நாம் ரசித்துப் பகிர்ந்தால், பேசத் தயாராக இருக்கும் தலைவருக்கு வாய் அடைபடும். எதிர்ப்பக்கத்திலும் இதே கூச்சல் உண்டு. நம் கூச்சலை அவர்கள் காட்டிப் பயப்படுகிறார்கள், அவர்கள் கூச்சலை நாம் காட்டிப் பயப்படுகிறோம்.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், பகிரும் முன் ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள்: இதே செயல் எதிர்ப்புத்தகத்தில் எப்படி ஏறியிருக்கும்? பதில் கிடைத்த பிறகும் கோபம் வந்தால் பரவாயில்லை, கோபப்படுங்கள்.

கடைசியாக ஒரு தகவல். 1988 ஒப்பந்தப்படி, இரண்டு நாடுகளும் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைத் தூதர்கள் வழியாக மாற்றிக்கொள்கின்றன. 1992-இல் தொடங்கிய வழக்கம். கார்கில் நடந்த மறு வருடமும் மாற்றிக்கொண்டார்கள். 2002 ஜனவரி 1 அன்று, எல்லையில் லட்சக்கணக்கான துருப்புகள் துப்பாக்கியோடு நின்றபோதும் மாற்றிக்கொண்டார்கள். வருடத்தின் முதல் நாள் எல்லோரும் விடுமுறையில் இருக்கும்போது, டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் எங்கோ இரண்டு குமாஸ்தாக்கள் அந்தத் தாளைச் சரிபார்த்து உறையில் போட்டு ஒட்டுவார்கள். வருடக் கணக்கு முடிப்புக்காகப் பல இரவுகள் கிளையில் உட்கார்ந்தவன் என்ற முறையில், அவர்கள் இருவரையும் ஒவ்வொரு புத்தாண்டு அன்றும் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அடுத்த இதழில் மறுபடி வருமான வரிதான். படிவம் 16-ஐ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.